கரிமமும் உலோகமும் – 9: நிக்கல் கெடுத்த வேலை

சென்ற வாரம் கார்ல் சீக்லரை முல்ஹைம் நகரத்தின் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காக ஒரு சிறு நினைவூட்டல்.

1898-ல் ஜெர்மனியின் ஹெல்சா என்ற சிற்றூரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் சீக்லர். 1920-ல் மார்புர்க்கில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு ஹைடல்பெர்க்கில் பத்தாண்டு. லித்தியம் உலோகத்தைக் கரிமச் சேர்மங்களோடு நேரடியாகப் பிணைக்கும் எளிய வழியை 1930-ல் அங்கேதான் கண்டார். உலகின் எந்தக் கரிம வேதியியல் கூடத்திலும் இன்று புழங்கும் லித்தியச் சேர்மங்களுக்கு அந்த வழிதான் அடித்தளம். 1936-ல் ஹாலே பல்கலைக்கழகம் சென்றார். 1943-ல், போர் உச்சத்தில் இருந்தபோது, ரூர் பகுதியின் முல்ஹைம் நகரிலிருந்து அழைப்பு வந்தது: கைசர் வில்ஹெல்ம் நிலக்கரி ஆய்வுக் கழகத்தின் இயக்குநர் பதவி.

ரூர் என்றால் நிலக்கரி. சுரங்கம், கோக் உலை, இரும்பு ஆலை. அங்கிருந்த நிலக்கரித் தொழிலதிபர்கள் பணம் போட்டு நடத்திய கழகம் அது. முந்தைய இயக்குநர் ஃபிரான்ஸ் ஃபிஷர், நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் வழியைக் கண்டு பெயர் பெற்றவர். அப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார அழைத்தால் சீக்லர் ஒரு நிபந்தனை போட்டார். கார்பன் சேர்மங்களின் முழுப் பரப்பிலும் தன் விருப்பப்படி ஆராய்ச்சி செய்வேன். அதற்கும் நிலக்கரிக்கும் நேரடித் தொடர்பு உண்டா இல்லையா என்று யாரும் பார்க்கக் கூடாது.

பணம் கொடுக்கிற நிலக்கரிக்காரர்களிடமே நிலக்கரியைப் பற்றிக் கேட்காதே என்று சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். ஆனாலும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பத்தாண்டு கழித்து அந்த ஒப்புதல் அவர்கள் கையெழுத்திட்ட காகிதங்களிலேயே அதிக லாபம் தந்த ஒன்றாக ஆனது. அது எப்படி என்பதுதான் இந்த வாரக் கதை.

★ ★ ★

போர் முடிந்தது. 1943 ஜூனில் பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட குண்டுகளில் முல்ஹைம் பெரிதும் சிதைந்திருந்தது. கழகம் மெல்ல மூச்சுவிடத் தொடங்கியது. 1949-ல் அதன் பெயர் மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வுக் கழகம் என்று மாறியது. சீக்லரின் மனம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது: லித்தியம்.

அவரிடம் ஒரு பழைய புதிர் இருந்தது. எத்தில் லித்தியம் என்ற சேர்மத்தைக் காய்ச்சி வடிக்க முயன்றபோது அது வடியவில்லை, உடைந்தது. லித்தியம் ஹைட்ரைடாகவும் எத்திலீன் வாயுவாகவும் பிரிந்துபோனது. போதாக்குறைக்கு, கொஞ்சம் நீளமான கார்பன் சங்கிலிகளும் அதில் தென்பட்டன. பிரிந்த எத்திலீன் எங்கோ மறுபடி போய் ஒட்டிக்கொள்கிறது என்று பொருள். அப்படியானால் இதைத் திட்டமிட்டே செய்ய முடியாதா? உலோகத்துக்கும் கார்பனுக்கும் இடையில் எத்திலீனை ஒவ்வொன்றாக நுழைத்துச் சங்கிலியை வளர்க்க முடியாதா?

லித்தியம் ஹைட்ரைடு ஒத்துழைக்கவில்லை. எந்தத் திரவத்திலும் ஒழுங்காகக் கரையாத தூள் அது.

1947-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. சிகாகோவில் ஷ்லெசிங்கரின் குழு, லித்தியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு ஹைட்ரைடைத் தயாரித்திருந்தது. அது ஈதரில் நன்றாகக் கரைந்தது. சீக்லரின் உதவியாளர் ஹான்ஸ் கியோர்க் கெல்லர்ட் அதை எடுத்து எத்திலீனோடு சேர்த்துப் பார்த்தார். எத்திலீன் உள்ளே போனது. சங்கிலி வளர்ந்தது.

வேலையைச் செய்தது எது, லித்தியமா அலுமினியமா? இருபது ஆண்டு லித்தியத்தோடு குடித்தனம் நடத்தியவருக்கு விடை சங்கடமானது. அலுமினியம்தான். லித்தியம் இல்லாமலே, சொல்லப்போனால் லித்தியம் இல்லாதபோது இன்னும் நன்றாகவே, காரியம் நடந்தது. சீக்லர் தயங்கவில்லை. தன் பெயரோடு ஒட்டியிருந்த உலோகத்தை ஓரமாக வைத்துவிட்டு அலுமினியத்தின் பக்கம் போனார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பேராசிரியர், பேரும் புகழும் தந்த துறையை விட்டு இப்படி நகர்வது எளிதில் காணக்கிடைக்காத காட்சி.

அலுமினியத்தோடு மூன்று எத்தில் தொகுதிகள் இணைந்தால் கிடைப்பது டிரைஎத்தில் அலுமினியம். நிறமற்ற திரவம். பார்த்தால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். காற்றுப் பட்டால் அந்தக் கணமே தீப்பிடிக்கும். தண்ணீர் பட்டால் வெடிக்கும். நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் ராட்சத என்ஜின்களைப் பற்றவைக்கப் பின்னாளில் பயன்படுத்திய கலவையில் இந்தத் திரவமும் ஒரு பங்கு. தீக்குச்சி தேவையில்லை, ஆக்சிஜனைக் காட்டினால் போதும். முல்ஹைம் மாணவர்கள் இதை நைட்ரஜன் போன்ற மந்த வாயுக்களின் காவலில்தான் கையாண்டார்கள். ஒரு துளி ஈரம், ஒரு சிறு கசிவு இருந்தாலும் அன்றைய வேலை போச்சு.

இந்தத் திரவத்தைச் சுமார் 100 டிகிரி வெப்பத்தில், சுமார் 100 வளிமண்டல அழுத்தத்தில் எத்திலீனோடு அடைத்துவைத்தால் சங்கிலி வளரும். ஒவ்வொரு எத்திலீனும் இரண்டு கார்பன் கொண்டுவரும். இரண்டு நான்காகும், நான்கு ஆறாகும், ஆறு எட்டாகும். எப்போதும் இரட்டைப்படைதான். வளர்ந்த சங்கிலியை அலுமினியத்திலிருந்து ஆல்கஹாலாகக் கழற்றி எடுத்தால் சலவைத் தூளுக்கான மூலப்பொருள் கிடைக்கும். அதுவே பின்னால் தனித் தொழிலாக வளர்ந்தது.

எத்திலீன் எங்கிருந்து வந்தது? கோக் உலையின் வாயுவிலிருந்து எடுக்கலாம். ரூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. நிலக்கரியோடு தொடர்பு வேண்டாம் என்று நிபந்தனை போட்டவரின் ஆராய்ச்சி சுற்றி வளைத்து நிலக்கரியின் மடியிலேயே வந்து விழுந்தது.

★ ★ ★

ஆனால் ஒரு சுவர் குறுக்கே நின்றது.

சங்கிலி ஓரளவுக்கு மேல் நீளவில்லை. வளர்ந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் அலுமினியத்திலிருந்து தானாகக் கழன்றுவிடும். கிடைப்பது எண்ணெய் அல்லது மெழுகு. கார்பன்களை ஆயிரக்கணக்கில் கோத்த உண்மையான பிளாஸ்டிக் கிடைக்கவில்லை.

எத்திலீனால் ஆன பிளாஸ்டிக் அன்று உலகுக்குப் புதிதல்ல. 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் வின்னிங்டன் ஆலையில், ஐ.சி.ஐ. கம்பெனியின் ரெஜினால்ட் கிப்சனும் எரிக் ஃபாசெட்டும் எத்திலீனை ஏறக்குறைய 1,900 வளிமண்டல அழுத்தத்தில் வேறொரு பொருளோடு வினைபுரிய வைக்க முயன்று தோற்றார்கள். கலனைத் திறந்தால் ஓரத்தில் வெள்ளை மெழுகு போல ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் பாலித்தீன். போர்க்காலத்தில் ரேடார் கேபிள்களுக்கு உறையாகி பிரிட்டனுக்குப் பெரும் துணை செய்தது. ஆனால் அதைத் தயாரிக்க ஆயிரம், இரண்டாயிரம் வளிமண்டல அழுத்தம் தேவை. தடித்த உருக்குச் சுவர், ராட்சதக் கம்ப்ரெசர், ஆலைக்கு ஆலை கோடிக்கணக்கில் முதலீடு. எத்திலீன் அசைந்து கொடுக்காத மூலக்கூறு, மலையளவு அழுத்தினால்தான் வழிக்கு வரும் என்பது அன்றைய வேதியியலாளர்கள் பாலபாடமாக வைத்திருந்த நம்பிக்கை.

சீக்லரின் கேள்வி வேறு. அலுமினியத்தில் சங்கிலி வளரத்தான் செய்கிறது, பிறகு ஏன் பாதியில் கழன்றுகொள்கிறது? கழலாமல் தடுக்க வழி உண்டா? இந்தக் கேள்வியின் ஒரு பகுதியைத் தன் ஆராய்ச்சி மாணவர் எர்ஹார்ட் ஹோல்ட்ஸ்காம்ப்பிடம் ஒப்படைத்தார்.

கெட்டுப்போன சோதனை

ஹோல்ட்ஸ்காம்ப் செய்தது ஏற்கெனவே பலமுறை நடந்த சோதனை. அதே டிரைஎத்தில் அலுமினியம், அதே எத்திலீன், அதே உருக்குக் கலன். முடிவு என்னவாக இருக்கும் என்று கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

வந்தது அதுவல்ல.

நீண்ட சங்கிலிகள் எதுவும் இல்லை. ஏறக்குறைய முழுவதும் பியூட்டீன். நான்கே கார்பன் கொண்ட வாயு. அதாவது ஒரே ஒரு எத்திலீன் உள்ளே நுழைந்ததும் சங்கிலி அறுந்து விழுந்திருக்கிறது. அலுமினியம் மறுபடி தொடங்கியிருக்கிறது, மறுபடி ஒன்று, மறுபடி அறுப்பு. நீளம் வேண்டிச் செய்த ஆராய்ச்சியில் இதைவிட மோசமான விளைவு கிடைக்க முடியாது.

இப்படி ஒரு சோதனை சொதப்பினால் ஆராய்ச்சிக் கூடங்களில் வழக்கமாக என்ன நடக்கும்? கலனைக் கழுவிவிட்டு மறுபடி செய்வார்கள். சரியாக வந்தால் பழையதை மறந்துவிடுவார்கள். குறிப்பேட்டில் ஒரு கோடு, அத்தோடு சரி. ரசாயன வரலாற்றில் இப்படிக் கோடு போட்டு மறக்கப்பட்ட கண்டுபிடிப்புகள் எத்தனையோ இருக்கும்.

முல்ஹைமில் அதைச் செய்யவில்லை. ஏன் அறுந்தது என்று தெரியாமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த திருப்பங்களிலேயே ஆரவாரம் குறைந்ததும் விளைவு பெரியதும் இதுதான் என்பது என் கணிப்பு.

குற்றவாளியைத் தேடும் படலம் தொடங்கியது. கலனுக்குள் போனவை ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு ஆளாயின. கடைசியில் தடயம் கலனுக்குள்ளேயே கிடைத்தது: நிக்கல். யாரும் போடாத நிக்கல். கலனில் எஞ்சியிருந்த, கண்ணுக்கே தெரியாத அளவு மிச்சம். வேண்டுமென்றே ஒரு துளி நிக்கல் சேர்மத்தைச் சேர்த்துச் சோதனையைத் திரும்பச் செய்தபோது பியூட்டீன் கொட்டியது. சந்தேகம் தீர்ந்தது.

இந்த நிகழ்வு வேதியியல் ஏடுகளில் "நிக்கல் விளைவு" என்று பெயர் பெற்றது.

★ ★ ★

தற்செயலாக நிக்கல் கலந்தது, தற்செயலாகப் பிளாஸ்டிக் பிறந்தது என்று இரண்டே வரியில் இதை முடித்துவிடும் புத்தகங்கள் உண்டு. அவை நடந்ததைத் தலைகீழாகச் சொல்கின்றன. நிக்கல் பிளாஸ்டிக்கைத் தரவில்லை. அது வேலையைக் கெடுத்தது. கெடுதலிலிருந்து சீக்லர் எடுத்த தர்க்கம்தான் வழியைத் திறந்தது.

அவர் யோசித்தது இப்படி. இவ்வளவு சிறிய அளவு நிக்கல் சங்கிலியை அறுக்கிறது என்றால், இதுவரை சங்கிலி பாதியில் நின்றதற்கும் இப்படி ஏதாவது ஓர் உலோகத்தின் சுவடுதான் காரணமோ? அப்படியானால் அறுக்கும் உலோகங்கள் எவை என்று பட்டியல் போட வேண்டும். அவற்றைத் துடைத்தெடுத்துவிட்டால் சங்கிலி நீளலாம். நிக்கல் இதைச் செய்கிறது என்றால் அதன் உறவினர்களும் செய்யக்கூடும். தனிம அட்டவணையின் நடுப்பகுதியில் வரிசையாக நிற்கும் உலோகங்களை ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டியதுதான்.

இந்தப் பொறுமைக்கார வேலை இன்னொரு மாணவர் ஹைன்ஸ் பிரைலிடம் வந்தது. ஓர் உலோகச் சேர்மத்தை எடு, அலுமினியத் திரவத்தோடு கல, எத்திலீனை அடை, சூடாக்கு, திற, பார். அடுத்தது. திரும்பவும் அதே.

கோபால்ட், பிளாட்டினம்: நிக்கலைப் போலவே பியூட்டீன். வேறு சில உலோகங்கள் எதையும் மாற்றவில்லை. குரோமியத்தில் ஒரு சிறு உறுத்தல் தென்பட்டது. பியூட்டீனோடு, நீண்ட சங்கிலிகளும் கொஞ்சம் வெள்ளைத் திடப்பொருளும் கிடந்தன. அறுப்பவனைத் தேடிப் போன இடத்தில் கோப்பவன் ஒருவன் நிழல் காட்டினான்.

அக்டோபர் 26, 1953

அன்று பிரைல் எடுத்தது சர்க்கோனியம் அசிட்டைல்அசிட்டோனேட் என்ற சேர்மம். சர்க்கோனியம் தனிம அட்டவணையில் நிக்கலுக்கு வெகு தூரத்தில், இடப்பக்கம் இருப்பது. நிக்கலின் நெருங்கிய உறவினர்களை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தால் இந்த உலோகத்தின் முறையே வந்திருக்காது.

வழக்கம் போல டிரைஎத்தில் அலுமினியத்தோடு கலந்தார். எத்திலீனை அடைத்தார். சூடாக்கினார். ஆறவிட்டுக் கலனைத் திறந்தார்.

உள்ளே திரவம் இல்லை. பியூட்டீனும் இல்லை.

கலன் நிறைய வெள்ளை வெளேரென்ற திடப்பொருள்.

பாலிஎத்திலீன். அதுவும் ஆயிரம் வளிமண்டல அழுத்தம் எதுவும் இல்லாமல், கூடத்துக் கலனில் வழக்கமாக அடைக்கிற அழுத்தத்தில். சங்கிலியை அறுப்பவனைப் பிடிக்கப் போட்ட வலையில், சங்கிலியை முடிவில்லாமல் நீட்டுபவன் சிக்கியிருந்தான்.

அடுத்த சில வாரங்களில் முல்ஹைமில் வேலையின் வேகமே மாறிவிட்டது. சர்க்கோனியம் செய்தால் அதே நெடுவரிசையில் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் டைட்டானியமும் செய்ய வேண்டும். டைட்டானியம் டெட்ராகுளோரைடு எளிதாகக் கிடைக்கும் திரவம். டைட்டானியம் உலோகம் எடுக்கும் தொழிலில் இடைப்பொருளாகப் புழங்குவது. அதைக் கலந்தார்கள்.

வினை பாய்ந்தது. வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி, உருவான பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி உள்ளேயே சிதைந்துபோகும் அளவுக்கு வேகம். வினை நடக்கவில்லையே என்று அதுவரை கவலைப்பட்டவர்கள், இப்போது அதை எப்படி அடக்குவது என்று கவலைப்பட வேண்டியிருந்தது.

அழுத்தத்தைக் குறைத்தார்கள். அப்போதும் நடந்தது. இன்னும் குறைத்தார்கள். நடந்தது.

★ ★ ★

கடைசிப் படியை ஏறியவர் ஹைன்ஸ் மார்ட்டின். சீக்லரின் கூடத்தில் இருந்த இளம் வேதியியலாளர். அவர் உருக்குக் கலனையே தூக்கி வைத்துவிட்டார். 1953 நவம்பரில், அழுத்தமே இல்லாமல், கண்ணாடிப் பாத்திரத்தில் சோதனையைச் செய்தார்.

செய்முறையைக் கேட்டால் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். ஒரு ஹைட்ரோகார்பன் திரவத்தில் அலுமினியச் சேர்மத்தையும் டைட்டானியம் டெட்ராகுளோரைடையும் கலக்க வேண்டும். கருத்த பழுப்பு நிறத்தில் வண்டல் போல ஒன்று உருவாகும். அதுதான் வினையூக்கி. அதற்குள் எத்திலீனைக் குமிழியாக விட வேண்டும். திரவம் தானே சூடேறும், கெட்டியாகிக்கொண்டே வரும். ஒரு மணி நேரத்தில் கிளற முடியாத கூழாகிவிடும். கொஞ்சம் ஆல்கஹால் ஊற்றினால் வினையூக்கி செயலிழக்கும், கருமை மறையும், பளிச்சென்ற வெள்ளைத் தூள் மிஞ்சும்.

ஊறுகாய், பழப்பாகு போட்டு வைக்கிற கண்ணாடி ஜாடியிலேயே இதைச் செய்து காட்டலாம் என்று முல்ஹைம் நிரூபித்தது. அந்த ஜாடி இன்றும் ஜெர்மானிய வேதியியலின் சின்னங்களில் ஒன்று. 1955-ல் இந்த முறையை விளக்கி வெளிவந்த கட்டுரையில் சீக்லர், ஹோல்ட்ஸ்காம்ப், பிரைல், மார்ட்டின் ஆகிய நான்கு பேரின் பெயர்களும் இருந்தன. தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிட்டது: சாதாரண அழுத்தத்தில் பாலிஎத்திலீன் தயாரிக்கும் முல்ஹைம் முறை.

ஐ.சி.ஐ. பொறியாளர்கள் உருக்குக் கோட்டைகள் கட்டி எத்திலீனைப் பணியவைத்தார்கள். இங்கே ஜாடியும் குமிழியும் போதுமானதாக இருந்தன.

இரண்டு பாலித்தீன்கள்

மலிவாகச் செய்யலாம் என்பது மட்டும் கதையல்ல. வந்த பொருளே வேறு.

ஐ.சி.ஐ. முறையில் பெரும் அழுத்தத்தில் பிறக்கும் சங்கிலிகள் கண்டபடி கிளைவிடும். முல்ஹைம் வினையூக்கியில் ஒவ்வொரு எத்திலீனும் உலோகம் இருக்கும் முனையில் மட்டுமே நுழைவதால் சங்கிலி நேராக நீளும். கருவேல முள்ளை எத்தனை மிதித்துக் கட்டினாலும் கட்டுக்குள் வெற்றிடம் இருக்கும். மூங்கில் கழிகளை அடுக்கினால் ஒன்றோடொன்று படிந்துகொள்ளும். சங்கிலிகளும் அப்படித்தான். நேரான சங்கிலிகள் நெருங்கிப் படிவதால் அடர்த்தி கூடும், உறுதி கூடும், உருகும் வெப்பநிலையும் ஏறும். பழைய பாலித்தீன் 110 டிகிரிக்கு அருகில் இளகிவிடும். புதியது 130 வரை தாங்கும். கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் உருமாறாத புட்டி என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. பழையது கேரி பேக்குக்கு, புதியது குடத்துக்கும் வாளிக்கும் குழாய்க்கும். 1955-லேயே ஹோக்ஸ்ட் நிறுவனம் இதை "ஹோஸ்டாலென்" என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கியது.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். சீக்லருக்கு முன்பே இந்தப் பொருளின் மேல் கால் இடறியவர்கள் இருந்தார்கள். லுட்விக்ஸ்ஹாஃபனில் மாக்ஸ் ஃபிஷர் என்பவர் 1943-லேயே அலுமினியம், அலுமினியம் குளோரைடு, டைட்டானியம் டெட்ராகுளோரைடு மூன்றையும் எத்திலீனோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார். திடப்பொருளும் கிடைத்திருக்கிறது. ஆனால் அவர் தேடியது மசகு எண்ணெய். அமெரிக்காவின் ஓக்லஹாமா மாநிலம் பார்ட்டில்ஸ்வில்லில், ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனியின் பால் ஹோகனும் ராபர்ட் பேங்க்ஸும் 1951-ல் குரோமியம் ஆக்சைடு வினையூக்கியை வைத்து நேரான சங்கிலிகளை எடுத்திருந்தார்கள். அது முல்ஹைமுக்குத் தெரியாது. ஹோகனையும் பேங்க்ஸையும் வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். பிற்பகுதியில் அவர்கள் வழக்குமன்றத்துக்குள் நுழையும்போது இந்தத் தேதி தேவைப்படும்.

★ ★ ★

1953 நவம்பர் 17. ஜெர்மனியில் சீக்லரின் காப்புரிமை விண்ணப்பம் பதிவானது. சர்க்கோனியச் சோதனை நடந்து 22 நாள்தான் ஆகியிருந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஜாடியில் செய்யக்கூடிய விஷயத்தை ரகசியமாக வைத்திருக்க முடியாது. உருக்குக் கோட்டை தேவைப்படும் முறையை யாரும் எளிதில் திருட மாட்டார்கள். இதைக் காதால் கேட்டாலே ஒரு தேர்ந்த வேதியியலாளர் அன்று மாலையே செய்து பார்த்துவிடுவார்.

விண்ணப்பம் அகலமாகத்தான் இருந்தது. அலுமினியச் சேர்மங்கள் ஒருபுறம், டைட்டானியம், சர்க்கோனியம், குரோமியம் முதலிய உலோகங்களின் சேர்மங்கள் மறுபுறம். ஆனால் அதில் உரிமை கோரப்பட்ட பிளாஸ்டிக் ஒன்றே ஒன்று: பாலிஎத்திலீன்.

புரொப்பிலீன் இல்லை.

எத்திலீனுக்கு அடுத்த வீட்டுக்காரர் புரொப்பிலீன். ஒரு கார்பன் கூடுதல், அவ்வளவுதான். பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிதமிஞ்சிக் கிடைக்கும் மலிவான வாயு. அதையும் இதே ஜாடியில் விட்டுப் பார்த்தால் என்ன என்ற கேள்வி இன்று பள்ளி மாணவருக்கும் எழும். சீக்லரின் விண்ணப்பத்தில் ஏன் இடம்பெறவில்லை?

அவருடைய பழைய அனுபவம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வெறும் அலுமினியச் சேர்மத்தோடு புரொப்பிலீனைச் சேர்த்தால் இரண்டு மூலக்கூறுகள் கைகோக்கும், அத்தோடு நின்றுவிடும். நீண்ட சங்கிலி வராது. இது அவர் கூடமே கண்டறிந்த உண்மை. புரொப்பிலீன் இரண்டோடு நின்றுவிடும் என்பது எத்திலீன் பெரும் அழுத்தத்துக்குத்தான் பணியும் என்பதைப் போலவே ஒரு நம்பிக்கை. பின்னதை உடைத்த அதே மனிதர் முன்னதைச் சோதிக்க அவசரப்படவில்லை. ரசாயனத்தில் கூர்மையும் வியாபாரத்தில் எச்சரிக்கையும் ஒரே தலையில் சம அளவில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லைதான். ஆனாலும் இந்த ஒரு சொல் விடுபட்டதற்குப் பின்னாளில் கொடுத்த விலையைப் பார்க்கும்போது, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று தோன்றாமல் இல்லை.

இந்தச் சொல்லைக் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர் ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

மிலான்

ஜூலியோ நாட்டா. மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொழில்துறை வேதியியல் பேராசிரியர். எக்ஸ் கதிர்களை வைத்துப் படிகங்களின் உள்ளமைப்பைப் படிப்பதில் வல்லவர். 1952-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் சீக்லர் அலுமினியச் சேர்மங்களைப் பற்றிப் பேசியபோது நாட்டா அந்த அரங்கில் இருந்தார். ஓர் அலுமினிய அணுவை வைத்துக்கொண்டு எத்திலீன், புரொப்பிலீன் போன்ற மூலக்கூறுகளை இப்படி ஒழுங்காகக் கோக்க முடியும் என்பது அவரைப் பிடித்து உலுக்கியது.

நாட்டாவின் பின்னால் மாண்டெகாட்டினி இருந்தது. இத்தாலியின் மிகப் பெரிய ரசாயன நிறுவனம். 1953 ஜனவரியில் அந்த நிறுவனம் சீக்லரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. சீக்லரின் அலுமினிய வேதியியலை இத்தாலியில் பயன்படுத்தும் உரிமை மாண்டெகாட்டினிக்கு. வேலையை நேரில் கற்றுக்கொள்ள இத்தாலிய இளைஞர்கள் மூவர் முல்ஹைமுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பாவ்லோ சினி.

தேதியைக் கவனியுங்கள். நிக்கல் விளைவைத் துருவிக்கொண்டிருந்த அதே 1953. சீக்லருக்கு இதில் ஒளிவுமறைவு இல்லை. காசு கொடுத்து உரிமை வாங்கியவர்கள், கற்றுக்கொள்ள வந்த மாணவர்கள். பல்கலைக்கழகத்துப் பழக்கம் அப்படித்தானே. ஒப்பந்தத்தின் வழியாகப் புதிய வினையூக்கியின் செய்தியும் மிலானை எட்டியது.

சீக்லரும் அவருடைய ஆட்களும் 1954 தொடக்கத்தில் பாலிஎத்திலீனை மெருகேற்றுவதில் மூழ்கியிருந்தார்கள். நாட்டா எத்திலீன் பக்கம் திரும்பவே இல்லை. முல்ஹைம் வினையூக்கியைக் கையில் எடுத்து, முல்ஹைம் விண்ணப்பத்தில் எழுதப்படாத வாயுவின் பக்கம் போனார்.

1954 மார்ச் 11 அன்று மிலானில் பாவ்லோ சினியின் கலனுக்குள் புரொப்பிலீன் சென்றது. அன்றைய நாட்குறிப்பில் நாட்டா எழுதியது ஒரே ஒரு சின்ன வாக்கியம். ஜூன் 8-ம் தேதி மாண்டெகாட்டினி இத்தாலியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. புரொப்பிலீனுக்கான சீக்லரின் விண்ணப்பம் ஜெர்மனியில் பதிவானது ஆகஸ்ட் 3-ம் தேதி. இடைவெளி சரியாக எட்டு வாரம்.

வினையூக்கி முல்ஹைமுடையது, புரொப்பிலீனை அதில் விட்டது மிலான். அப்படியானால் கலனிலிருந்து வெளியே வந்த அந்தப் பொருள் யாருடையது? நாட்டா அன்று நாட்குறிப்பில் எழுதிய வாக்கியம் என்ன?

அடுத்த வாரம்.